தங்கிய நாள் கூலி

திருவள்ளூர்,
12.4.1973

ராஜமாணிக்கத்துக்கு தேசிகன் ஆசீர்வாதம்.

நிலத் தரகன் ஒருவனின் கையை நீ முறித்துப் போட்டதாக உங்கள் கவரைப்பேட்டை ஆள் ஒருவர் கோயிலில் வந்து சொன்னார். நல்ல காரியம் செய்தாய் போ. போலீஸ் உன்னைத் தேடுவதற்கு முன் நான் தேடுகிறேன். மே மாதம் முதல் வாரம் நம் யாத்திரைக் குழு நேபாளத்துக்குப் புறப்படுகிறது. முக்திநாத க்ஷேத்திரம். இருபத்திரண்டு பேர். போன வருஷம் பத்ரிக்கு வந்ததுபோல் இதற்கும் நீ வர வேண்டும். டிக்கெட், சாப்பாடு, அது போக நாளைக்கு நான்கு ரூபாய். ஹரித்வாரில் பை அறுத்தவனை நீ துரத்திப் பிடித்து அடித்த அடியில்தான் நம் பொதுப் பணம் பிழைத்தது. அந்தக் கை எனக்கு வேண்டும். ஆனால் நான் சொல்லும்போது மட்டும் வேண்டும், தெரிகிறதா?

இது வெளிநாடு. தலைக்கு நானூற்று எழுபத்தைந்து வாங்கியிருக்கிறேன். அதற்குள் போய் வந்தாக வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் நம் நூறு ரூபாய்க்கு அவர்கள் காசு நூற்று முப்பத்தொன்பது. பஸ் நிலையத்தில் மாற்றித் தருகிறேன் என்று இளித்துக்கொண்டு வருகிறவனிடம் கொடுக்காதே, பாங்கில்தான் மாற்ற வேண்டும். நூறு ரூபாய் நோட்டே கூடாது, சில்லறை இல்லை என்று சொல்லியே தின்றுவிடுவார்கள். பொதுப் பணத்தை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கு உன் இடுப்பில், ஒன்று என் மடியில், ஒன்று தளிகைப் பாத்திர மூட்டைக்குள். அந்த மூட்டையை வேற்றாள் தொடமாட்டான், தொடவும் விடக்கூடாது. ஹோட்டலே கிடையாது, நம் தளிகைக்காரர் கூட வருகிறார். மேலே போகப் போகப் பருப்பு வேகாதாம், மண்ணெண்ணெய்தான் எரிந்து தீருமாம். ஆகவே பயத்தமாவும் அவலும் எடுத்துக்கொள்கிறோம். பொக்காராவிலிருந்து நடை, கிழங்கட்டைகளுக்கும் மூட்டைக்கும் ஒன்பது மட்டக்குதிரை. குதிரைக்காரனுக்குப் பாதிக் கூலி முன்னால், பாதி திரும்பி வந்து. முழுசாகக் கொடுத்தால் பாதி மலையில் விட்டுவிட்டுப் போய்விடுவான். திரும்பும்போது நைலான் புடவை, ஜப்பான் டார்ச் என்று எவராவது வாங்கினால் எல்லையில் நான் பொறுப்பில்லை என்று இப்போதே சொல்லிவிட்டேன்.

யாத்திரை முடிந்ததும் மீதிப் பணத்தை வெற்றிலையில் வைத்துப் பிரசாதத்தோடு திருப்பித் தருகிற ஆள் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான். இந்தத் தடவையும் மீதி கொடுப்பேன். பார்த்துக்கொண்டே இரு.

தேசிகன்


கவரைப்பேட்டை,
20.4.1973

தேசிகன் சாமிக்கு ராஜமாணிக்கம் வணக்கமுடன் எழுதுவது.

தரகன் கை முறிந்தது உண்மைதான். ஒரு இடத்தில் இல்லை, இரண்டு இடத்தில். பாக்டரிக்காரனுக்காக என் கழனியை அளக்க வந்தவன் வரப்போடு போயிருக்கலாம். நெல்லு பால் பிடிக்கிற நேரத்தில் பயிருக்கு நடுவே சங்கிலியை இழுக்கிறான். நான் மரியாதையாகத்தான் கேட்டேன். "இன்னா நைனா, பயிரு மேல இழுக்கிற? கண்ணு தெர்ல?" என்றேன். அதற்கு அவன், "இன்னும் ஆறு மாசத்துல இங்க பயிரே இருக்காது, டப்பு வாங்கினு போய்க்கினே இருய்யா" என்றான். மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துக் காம்பால்தான் அடித்தேன். இரும்பு இலைப் பக்கம் திரும்பியிருந்தால் இந்நேரம் நான் உங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கங்கம்மா சொல்கிறாள்: "நீ இங்க இருந்தா ஒரு நாளு கொலகாரனாத்தான் ஆவப் போற. அந்தச் சாமியோட போய்த் தொல. ஊடாவது நிம்மதியா கெடக்கட்டும்." அதனால் வருகிறேன். அவள் அண்ணன் குப்புராஜ் கழனியைப் பார்த்துக்கொள்வான். அவனும் கும்மிடிப்பூண்டியில் இரும்புப் பட்டறை வேலைதான், ஷிப்டு முடிந்து வருவான்.

சாமி, ஒரு விஷயம். எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்கினீர்கள். ஆஸ்பத்திரி, அடிதடி என்று வந்தால் எதிலிருந்து எடுப்பது? தெரியாத நாடு. தனியாக ஐந்நூறு ரூபாய் கட்டி வையுங்கள். அதை நான் தொடமாட்டேன், நீங்களும் தொடாதீர்கள்.

இப்படிக்கு,
ராஜமாணிக்கம்


பொக்காரா சிறை,
10.6.1973

தேசிகன் சாமிக்கு,

நான் இன்னும் சாகவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இங்கே நம் நாட்டு ராணுவ பென்ஷன் ஆபீசில் அரசப்பன் என்று ஒரு வேலூர்க்காரர் இருக்கிறார். ஜெயிலில் ஒரு மதராஸி கிடக்கிறான் என்று கேள்விப்பட்டு வந்து பார்த்தார். காகிதம் அவர் கொடுத்தது. பதிலும் அவர் பேருக்கே போடுங்கள். இரண்டு வாரமாகத் தமிழ் பேசாத வாய், அவரைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். அதையும் உங்களால்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மறந்திருப்பீர்கள், ஞாபகப்படுத்துகிறேன். முக்திநாத் பார்த்துவிட்டுப் பொக்காராவுக்கு இறங்கி வந்த நாள். குதிரைகளை அவிழ்க்கிற இடத்தில் நீங்கள் குதிரைக்காரன் தில் பகதூரிடம் கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் பஸ் மேல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். அவன் கத்த ஆரம்பித்தான். என்ன கத்தினான் என்று எனக்கு என்ன தெரியும்? பிறகு பூட்ஸ் காலைத் தூக்கித் தளிகைப் பாத்திர மூட்டை மேல் வைத்தான். நீங்கள் என்னைப் பார்த்துச் சொன்னது மட்டும் காதில் அப்படியே இருக்கிறது. "ராஜமாணிக்கம், பேசின கூலிக்கு மேல கேக்கறான் திருட்டுப் பயல்! பாத்திரத்துல காலை வெக்கறான், நீ பாத்துண்டு நிக்கறாயே!"

அவ்வளவுதான். குதித்து இறங்கிக் கழியைச் சுழற்றினேன். கழி நுனியில் இரும்புப் பூண் இருப்பது உங்களுக்கும் தெரியும். இடது கண்ணில் பட்டது. அவன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது, ரத்தத்தோடு வேறு எதுவோ கொழகொழவென்று வந்தது. நான் எத்தனையோ பேரை அடித்திருக்கிறேன் சாமி, அதைப்போல் பார்த்ததில்லை. அப்புறம் அவன் ஆட்கள் என் மேல் விழுந்தார்கள். கல்லால் அடித்தார்கள், சேணத்து வாரால் அடித்தார்கள். முன்பல் இரண்டு அங்கேயே விழுந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தால் பஸ் கிளம்பிக்கொண்டிருக்கிறது. ஜன்னலில் அலர்மேல்மங்கை அம்மாள் மட்டும் திரும்பிப் பார்த்தார்கள். பனியில் அவர்களை நான் முதுகில் தூக்கி நடந்திருக்கிறேன். நீங்கள் முன் சீட்டு. திரும்பவில்லை.

இங்கே முதல் நாள் என் போர்வையைப் பிடுங்கினவன் மூக்கை உடைத்தேன். அதற்கு நான்கு பேர் சேர்ந்து என் விலாவை உடைத்தார்கள். இருமினால் உயிர் போகிறது. தில் பகதூருக்கு நம் காசில் ஆயிரத்து ஐந்நூறு, கோர்ட்டுக்கு முந்நூறு. கொடுத்தால் அவன் புகாரை விட்டுவிடுவானாம். இல்லாவிட்டால் மூன்று வருஷம் என்கிறார்கள்.

ஐந்நூறு ரூபாய் தனியாகக் கட்டி வையுங்கள் என்று எழுதினேன். சென்ட்ரல் ஸ்டேஷனில் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள், "யாத்திரைக்குப் போறோம்டா, யுத்தத்துக்கு இல்லே" என்று. சிரித்த வாய்தானே, இப்போது பதில் சொல்லட்டும்.

ராஜமாணிக்கம்


திருவள்ளூர்,
5.7.1973

ராஜமாணிக்கத்துக்கு,

உன் கடிதம் வந்தது. என்னை என்ன செய்யச் சொல்கிறாய்? இருபத்திரண்டு பேர், அதில் பாதி எழுபது வயசு. கோரக்பூரில் ரயில் டிக்கெட் மறுநாளுக்கு. தவறவிட்டால் அத்தனை பேருக்கும் மறுபடி டிக்கெட், தங்க இடம், அரிசி. எங்கிருந்து வரும்? ஒருவனுக்காக எல்லோரையும் தெருவில் நிறுத்த முடியாது. அடி என்றால் கண்ணைத் தோண்டு என்றா சொன்னேன்? தள்ளிவிட்டு மூட்டையை எடுத்திருக்கலாமே. உன் கோபம் உன் வினை.

அது போகட்டும், உன் சம்சாரம் இங்கே வந்து செய்ததைக் கேள். போன வெள்ளிக்கிழமை நான் கோயிலிலிருந்து வருகிறேன். நடுத்தெருவில் வழி மறித்து, "எம் புருசனை மலைல வுட்டுட்டு வந்துக்கினு, நீ மட்டும் சக்கரப் பொங்கல் துன்னுக்கினு கீறியா?" என்று கத்தி, என் கன்னத்தில் அறைந்தாள். மூக்குக் கண்ணாடி தெறித்துச் சாக்கடையில் விழுந்தது. கூட்டம் கூடிவிட்டது. ஐம்பத்திரண்டு வயசில் பொம்மனாட்டி கையால் அடி வாங்கினேன். ஒருத்தராவது ஏன் என்று கேட்டார்களா? வேடிக்கை பார்த்தார்கள்.

நான் சும்மா இருந்ததாக நினைக்காதே. யாத்திரை வந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் உனக்காகக் கையேந்தினேன். வந்ததும் வழக்கம்போல் ஆளுக்கு ஐந்து ரூபாய் மீதி கொடுத்திருந்தேன் அல்லவா, அதுவே எனக்கு எமனாகிவிட்டது. வாத்தியார் பாஷ்யம் கேட்கிறார்: "மிச்சம்னு நீர்தானே ஓய் வெத்தலைல வெச்சுக் குடுத்தீர்? இப்போ பத்தலைன்னு வந்து நிக்கறீரே, இது எந்த ஊர்க் கணக்கு?" மொத்தமாக நூற்று நாற்பது தேறியது. அரசப்பன் பேருக்கு அனுப்பியிருக்கிறேன். உள்ளே சாப்பாட்டுக்கு வைத்துக்கொள். அவர்கள் காசாக மாற்றியே செலவழி, நம் நோட்டைக் காட்டினால் விலையை ஏற்றுவார்கள்.

பாக்கிக்கு ஒரே வழிதான். அரை ஏக்கரை அந்தப் பாக்டரிக்காரனுக்குக் கொடுத்துவிடச் சொல்லிக் கங்கம்மாவுக்கு எழுது. எப்படியும் எடுக்கத்தான் போகிறார்கள்.

தேசிகன்


பொக்காரா சிறை,
12.8.1973

ஐயரே,

சாமி என்று எழுத வரவில்லை.

போன வாரம் தில் பகதூர் இங்கே வந்தான். பழி வாங்க வந்திருக்கிறான் என்று நினைத்துச் சுவரிலிருந்து ஒரு செங்கல்லைப் பெயர்த்துக் கையில் வைத்துக்கொண்டேன். கண் இருந்த இடத்தில் துணி கட்டியிருந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்தான். பிறகு ஒரு விரலைக் காட்டினான். ஒற்றை விரல். அரசப்பன் பக்கத்தில் இருந்தார், கேட்டுச் சொன்னார். அவன் சொன்னது இது: "கூடக் கேட்கவில்லை. பேசின கூலியைத்தான் கேட்டேன். ஒரு நாள் கூலி குறைத்தான் உங்கள் பெரியவன். வெந்நீர் ஊற்று இருக்கிற ஊரில் உங்கள் ஆட்கள் நடக்காமல் உட்கார்ந்தார்களே, அந்த நாள். அவர்கள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. என் குதிரை சாப்பிட்டது."

எனக்கு மண்டையில் கல் விழுந்தது. ஏகாதசி! அன்றைக்கு நீங்கள் எல்லோரும் பட்டினி. நானும் இரண்டு வாழைப்பழத்தோடு கிடந்தேன். ஏகாதசியன்று மலை ஏற முடியாது, தங்க வேண்டும், தங்கினால் குதிரைக்கும் கூலி என்று கிளம்புவதற்கு முன் உனக்குத் தெரியாதா? அரிசிக்கு ஒதுக்கினாய், மண்ணெண்ணெய்க்கு ஒதுக்கினாய். மாசம் இரண்டு வருகிற ஏகாதசியை, அதுவும் நீ, ஒதுக்க மறந்தாய். மறந்ததை அவன் தலையில் கட்டினாய். நடக்காத நாளுக்குக் கூலி இல்லை என்றாயாம். ஒன்பது குதிரை, நம் காசில் ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ரூபாய். நூற்றெட்டு.

உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். ஆளுக்கு ஐந்து ரூபாய் மீதி! அடப்பாவி, அது எங்கிருந்து வந்த மீதி? இருபத்திரண்டு பேரும் அவன் கண்ணை வெற்றிலையில் பங்கு போட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். அதற்குக் கழி பிடித்தது நான். திருட்டுப் பயல் என்று அவனைச் சொன்னாய். உன் வார்த்தையை வேதம் மாதிரி நம்பி ஒரு கூலிக்காரனைக் குருடாக்கினேன். என் நிலத்தில் சங்கிலி இழுத்தவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? அவன் என் முகத்துக்கு நேராக இழுத்தான்.

இப்போது அரை ஏக்கரை விற்கச் சொல்கிறாய். விற்க மாட்டேன். மூன்று வருஷம் கிடந்து செத்தாலும் விற்க மாட்டேன். கங்கம்மாவையும் விற்க விடமாட்டேன்.

மச்சான் குப்புராஜுக்கு நேற்றே தனியாக எழுதிவிட்டேன். எந்தக் கையால் மீதி எடுத்துக் கொடுத்தாயோ அந்தக் கை. ஓடி ஒளிந்தாலும் சரி, போலீசுக்குப் போனாலும் சரி. அவன் பட்டறையில் இரும்புக்குப் பஞ்சமில்லை.

ராஜமாணிக்கம்


திருவள்ளூர்,
8.9.1973

ராஜமாணிக்கத்துக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன்.

உன் மச்சான் வந்தான். கூட இரண்டு பேர். பட்டப்பகல், மூன்று மணி இருக்கும், நான் கூடத்தில் படுத்திருந்தேன். கதவைத் தட்டக்கூட இல்லை. ஒருவன் என் முழங்காலில் உட்கார்ந்தான், ஒருவன் கையை நீட்டி அம்மிக்கல் மேல் வைத்தான். குப்புராஜ் கம்பியை ஓங்கி, "இது எங்க மச்சான் குட்த்து அனுப்சது" என்று சொல்லிவிட்டு அடித்தான். மணிக்கட்டு நொறுங்கிய சத்தத்தை நானே கேட்டேன். அதோடு போயிருக்கலாம். நான் போட்ட கூச்சலில் அவனுக்கு வெறி ஏறிவிட்டது. தலைக்கு ஓங்கினான்.

அடுக்களையிலிருந்து என் அகத்துக்காரி வைதேஹி ஓடி வந்து குறுக்கே விழுந்தாள். கம்பி அவள் இடது காதில் இறங்கியது. வைரத் தோடு காது மடலோடு கிழிந்து சுவரோரம் போய் விழுந்தது. உன் ஆட்கள் அதைப் பார்த்ததும் கம்பியைப் போட்டுவிட்டு நின்றார்கள். ஓடக்கூடத் தோன்றவில்லை.

அவள் முந்தானையைக் காதில் அழுத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். புடவை முழுக்க ரத்தம். குப்புராஜைப் பார்த்து, "எதுக்குடா அடிச்சே? சொல்லிட்டுப் போ" என்றாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஏகாதசி, குதிரை, நூற்றெட்டு, எல்லாம். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அந்த ஒரு நாள் கூலி குடுத்தேளா, இல்லையா?" என்றாள். இத்தனை வருஷத்தில் என் கணக்கை அவள் கேட்டதே இல்லை. நான் பேசவில்லை. கை வலியில் பேசவில்லை என்று வைத்துக்கொள்.

போலீசுக்குப் போகவில்லை. ஏன் அடித்தான் என்று இன்ஸ்பெக்டர் கேட்பார். அதே கேள்விக்கு இரண்டாவது தடவை பேசாமல் நிற்க என்னால் முடியாது.

இடது காது இனிக் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேற்று அவள் அந்தத் தோட்டைக் கழுவி, வலது காதில் இருந்ததையும் கழற்றி என் முன்னால் வைத்தாள். "போட்டுக்கக் காது ஒண்ணுதான் இருக்கு. ஒத்தைத் தோட்டை வெச்சுண்டு என்ன பண்றது? வித்து அந்தப் பையனை வெளியே கொண்டுவாங்கோ. நூத்தெட்டு மட்டும் தனிக் கட்டாப் போகணும்" என்றாள். அவள் அம்மா போட்டது அந்தத் தோடு.

இரண்டாயிரம் அரசப்பன் பேருக்கு மூன்று மணியார்டராகப் பிரித்து அனுப்பியிருக்கிறேன். முதலில் நூற்றெட்டு. அதைக் கொடுத்த பிறகுதான் ஆயிரத்து ஐந்நூறைப் பற்றிப் பேச வேண்டும். அவள் உத்தரவு.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. என் கை உடைந்திருக்கிறது, என் அகத்துக்காரிக்கு ஒரு காது செவிடாகியிருக்கிறது. யார் யாரிடம் கேட்பது என்று எனக்கே தெரியவில்லை.

தேசிகன்


கோரக்பூர்,
14.12.1973

தேசிகன் சாமிக்கு,

இடது கை எழுத்து எனக்குப் புரியவில்லை, உங்கள் கடிதத்தை அரசப்பன் படித்துக் காட்டினார். வைதேஹி அம்மாள் காது என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். மறுபடி படிக்கச் சொன்னேன். பிறகு சுவரைக் குத்தினேன். முட்டி உடைகிற வரைக்கும் குத்தினேன். காவல்காரன் பைத்தியம் என்று நினைத்துக் காலில் விலங்கு போட்டான். பொம்பளை மேல் கை படக்கூடாது என்று குப்புராஜுக்கு நான் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. நீங்கள் ஏகாதசியை மறந்த மாதிரிதான் இதுவும்.

பணம் சரியாக வந்தது. கோர்ட்டு விவகாரம் முடியத் தீபாவளி தாண்டிவிட்டது. வெளியே வந்ததும் அரசப்பனோடு தில் பகதூர் வீட்டுக்குப் போனேன். முதலில் நூற்றெட்டைத் தனியாகக் கொடுத்தேன். விரலில் எச்சில் தொட்டு எண்ணினான், சரி என்றான். பிறகு பெரிய பணத்தைக் கொடுத்தேன், அதையும் எண்ணினான். பெண்டாட்டியிடம் கொடுத்து உள்ளே வைக்கச் சொன்னான். அப்புறம் ஆணியில் மாட்டியிருந்த குதிரைச் சவுக்கை எடுத்து வந்து என் முகத்தில் ஒரே ஒரு வீச்சு வீசினான். நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் தோல் பிரிந்தது. நான் கையைத் தூக்கவில்லை. பிறந்ததிலிருந்து அடி வாங்கிக்கொண்டு சும்மா நின்றது அன்றைக்குத்தான். அவன் சவுக்கை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு ஒரு கிளாஸ் டீ கொடுத்தான். வாயெல்லாம் ரத்தம், குடித்தேன்.

அந்த அடிக்கு அப்புறம்தான் எனக்குத் தூக்கம் வருகிறது சாமி.

பணம் தீர்ந்துபோனதால் கோரக்பூரில் மாவு மில்லில் மூட்டை தூக்குகிறேன். டிக்கெட்டுக்குச் சேர்ந்துவிட்டது. ஜனவரி முதல் தேதி ரயில் ஏறுகிறேன். நான்காம் தேதி காலையில் சென்ட்ரல். ரயில் எங்கள் கவரைப்பேட்டையைத் தாண்டித்தான் வரும். கங்கம்மா தெரிந்தாலும் இறங்க மாட்டேன். நேராகத் திருவள்ளூர்.

வைதேஹி அம்மாள் காலில் விழுவேன். அவர்கள் இன்னா செஞ்சாலும் வாங்கிக்கொள்வேன், வெளக்குமாறு எடுத்தாலும் சரி. குப்புராஜை நான் பார்த்துக்கொள்கிறேன், அது எங்கள் வீட்டு விவகாரம்.

ஆனால் உங்களுக்கு ஒரு அடி பாக்கி இருக்கிறது. கை உடைந்தது குப்புராஜ் அடித்தது. இது நான் அடிப்பது. கோபத்தில் நீ, வா என்று எழுதிவிட்டேன். இப்போது கோபம் இல்லை, அதனால்தான் மரியாதையாக நீங்கள் என்று எழுதுகிறேன். கழி இல்லை, கம்பி இல்லை, வெறுங்கை. ஒரே அடி. பொய் சொல்லி என் கையை ஓங்க வைத்ததற்கு. திருவள்ளூர் ஸ்டேஷனுக்கு வாருங்கள். வீட்டில் வைத்து அடித்தால் அம்மாள் மறுபடி குறுக்கே வந்துவிடுவார்கள்.

வராவிட்டால் நான் தேடி வரமாட்டேன். கவரைப்பேட்டைக்குப் போய் என் கழனியைப் பார்ப்பேன். ஆனால் சாகிற வரைக்கும் உங்களை மனுஷன் என்று எண்ண மாட்டேன்.

மில் முதலாளி பேருக்கு எழுதினால் எனக்குக் கிடைக்கும். விலாசம் பின்னால்.

ராஜமாணிக்கம்


திருவள்ளூர்,
22.12.1973

ராஜமாணிக்கம் அவர்களுக்கு தேசிகன் எழுதுவது.

உங்கள் கடிதத்தை வைதேஹியிடமே கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். வலது காதுப் பக்கம் போய் நின்று, "போகட்டுமா?" என்று கேட்டேன். "போகாம என்ன?" என்றாள்.

கை எலும்பு கூடிவிட்டது, கோணலாகக் கூடிவிட்டது. துளசி தொடுக்க வரவில்லை. பாஷ்யம் நேற்று வந்து, அடுத்த வருஷம் சிலோன் போகலாமா, தலைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். என்னிடம் கேட்காதேயும் என்று அவர் முகத்திலேயே கதவைச் சாத்தினேன். போன வாரம் இருபத்திரண்டு வீட்டுக்கும் மறுபடி போனேன். இந்தத் தடவை கேட்கப் போகவில்லை. மீதி என்று நான் கொடுத்த ஐந்து ரூபாய் எப்படி வந்தது என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன். இரண்டு வீட்டில் உட்காரச் சொன்னார்கள். அலர்மேல்மங்கை மட்டும் உள்ளே போய் ஐந்து ரூபாயை எடுத்து வந்து என் மேல் எறிந்தாள். பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

ஸ்டேஷனுக்கு வருகிறேன். ஆனால் ஒரு வேண்டுகோள். நான்காம் தேதி வராதீர்கள். அன்று வைகுண்ட ஏகாதசி. கோயிலை விட்டு நகர முடியாது, அது ஒன்று. முழுப் பட்டினியில் இந்த வயசில் கால் நிற்காது, அது இன்னொன்று. உங்கள் அடியை நான் விழுந்து வாங்கக்கூடாது, நின்று வாங்க வேண்டும். ஆகவே கோரக்பூரில் ஒரு நாள் தங்கி, இரண்டாம் தேதி ஏறி, ஐந்தாம் தேதி துவாதசியன்று வந்து இறங்குங்கள். பிளாட்பாரக் கோடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, அங்கே கூட்டம் இருக்காது. நான் அங்கே நிற்கிறேன். அன்று பட்டினி முடிக்கிற பாரணைத் தளிகையில் ஒரு ஆளுக்குச் சேர்த்து உலை வைக்கிறேன் என்று வைதேஹி சொல்லியிருக்கிறாள். அடித்த பிறகு இரண்டு பேருமாக அகத்துக்குப் போகலாம்.

எனக்காக நீங்கள் தங்குகிற அந்த ஒரு நாளுக்குப் பன்னிரண்டு ரூபாய் இன்று மணியார்டர் செய்திருக்கிறேன். வாங்கிக்கொண்டுதான் ரயில் ஏற வேண்டும்.

தேசிகன்